நாலெழுத்து நெசவும் ஓரெழுத்துப் பிழையும்

மருதமுனை என்றதும் இந்நாட்டில் தமிழ் பேசுவோர் நினைவில் முதலில் எழுவது கைத்தறியே. கல்முனைக்கு வடக்கே கடலோரமாய் அமைந்த அவ்வூரின் சாரங்களும் சேலைகளும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. நெசவாளர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளையைக் கேட்டால் ஓர் உண்மையை எளிதாகச் சொல்லிவிடும். தறியிற் குறையில்லை; பாவு ஒழுங்காக ஓடியிருக்கிறது; நெய்பவரும் கைதேர்ந்தவர். ஆயினும், கோலத்துக்கு வேண்டிய நான்கு நிற நூல்களுள் ஒன்று தீர்ந்துபோனால் தறி நின்றுவிடும். மற்ற மூன்று நிறங்களும் மலைபோற் குவிந்து கிடந்தாலும் பயனில்லை.

உயிர்களின் உடலிலும் இத்தகையதொரு நெசவு இடையறாது நடக்கிறது. மனிதன் முதல் கண்ணுக்குப் புலப்படாத பக்டீரியா ஈறாக, ஒவ்வொரு கலமும் தான் இரண்டாகப் பிரியுமுன் தன் பரம்பரைச் செய்தி முழுவதையும் நான்கு வகை இரசாயன எழுத்துகளால் மறுபடியும் நெய்துகொள்ள வேண்டும். அந்த எழுத்துகளைப் பெரும்பாலும் கலம் தானே ஆக்கிக்கொள்கிறது. அவ்வாக்கத்தைத் தடுத்தால் என்ன நேரும்? இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றுதான், தலைமுறை தலைமுறையாக மக்களை அச்சுறுத்திய தொழுநோயை மாத்திரையினால் மாற்றத்தக்க நோயாக்கிற்று. அந்த வரலாற்றையும், அதன் நடுவே வந்து புகுந்த ஒரு சிறு பிழையையும், அப்பிழை நம் குடும்பங்களுக்குக் கற்பிக்கும் பாடத்தையும் இங்கே காண்போம்.

மாந்தீவும் நம் கரையும்

கிழக்குக் கரைக்கு இச்செய்தி புறம்பானதன்று. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு என்றொரு சிறு தீவு உண்டு. தொழுநோயாளர்க்கான மருத்துவமனை அத்தீவிலே அமைந்தது. நாற்புறமும் நீர் சூழ்ந்த இடத்தைத் தேர்ந்ததன் கருத்து வெளிப்படை. நோய் கரைக்கு வரலாகாது, நோயாளரும் வரலாகார். இலங்கையின் மேற்குக் கரையில் ஒல்லாந்தர் 1708 ஆம் ஆண்டிலேயே ஹெந்தளையில் இந்நோயாளர்க்கென இல்லம் அமைத்திருந்தனர். பிரித்தானியர் காலத்து 1901 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் நோயாளரைப் பிரித்து வைக்க அதிகாரம் தந்தது. மருந்து இல்லாத காலத்தில் மதிலும் நீரும் மட்டுமே மருத்துவமாயிருந்தன.

இன்று மதில் தேவையில்லை. ஆனால் நோய் முற்றாக அகன்றுவிடவுமில்லை. பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே தொழுநோயைக் குறைக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கை இலங்கை 1995 ஆம் ஆண்டில் எட்டியது. அதன் பின்னும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் நாட்டிற் கண்டறியப்பட்டு வருகின்றனர். அவர்களுள் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் பிள்ளைகள். மட்டக்களப்பும் கல்முனைப் பகுதியும் இவ்விடயத்தில் விழிப்போடிருக்க வேண்டிய இடங்களுள் அடங்கும்.

நோயை உண்டாக்கும் பக்டீரியாவை 1873 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு மருத்துவர் ஹன்சன் கண்டறிந்தார். விந்தையான கிருமி இது. பிற கிருமிகள் பல இருபது, முப்பது நிமிடங்களில் இரண்டாகப் பெருக, இது ஒருமுறை பெருகப் பன்னிரண்டு முதல் பதினான்கு நாட்கள் எடுத்துக்கொள்கிறது. உடலிற் புகுந்து அடையாளம் காட்டச் சராசரி ஐந்து ஆண்டுகள் செல்லும்; சிலரிடம் இருபது ஆண்டுகளும் செல்லலாம். ஆய்வுகூடத் தட்டுகளில் எந்த ஊட்டம் கொடுத்தாலும் வளர மறுக்கிறது. உடலின் குளிர்ந்த பாகங்களாகிய தோலையும், தோலை அடுத்துள்ள நரம்புகளையும் விரும்பிக் குடியேறுகிறது. எனினும், எவ்வளவு மெல்லப் பெருகினாலும், பெருகும்போது அதுவும் தன் நாலெழுத்து நெசவை முடித்தே ஆகவேண்டும். அங்கேதான் மனிதன் அதனைப் பிடித்தான்.

எழுத்து எவ்வாறு பிறக்கிறது?

பரம்பரைச் செய்தியைத் தாங்கும் நெடிய இழைக்கு டி.என்.ஏ. என்று பெயர். உயர்தர வகுப்பு மாணவர் இதனை நன்கறிவர். அவ்விழையின் அடிப்படைத் துண்டுகளே நியூக்கிளியோரைட்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு வெல்லம், ஒரு பொசுபேற்று, ஒரு மூலம் என மூன்று பாகங்கள் உண்டு. மூலம் எது என்பதே எழுத்தைத் தீர்மானிக்கிறது. அடினீன், குவனின், சைற்றோசின், தைமின் என நான்கு மூலங்கள். ஆகவே நான்கு எழுத்துகள். முதலிரண்டும் இரு வளையம் கொண்ட பியூரின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னிரண்டும் ஒரு வளையம் கொண்ட பிரிமிடின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவ்வளையங்களைக் கலம் ஒரேயடியாக வார்த்தெடுப்பதில்லை. வீடு கட்டும் மேசன் கல்மேற் கல்லாக அடுக்குவது போல, வெல்லப் பொசுபேற்றின் மீது ஓரணுவும் ஈரணுவுமாகச் சேர்த்துப் பியூரின் வளையத்தை எழுப்புகிறது. நைதரசன் அணுக்களுள் ஒன்று ஓர் அமினோவமிலத்திலிருந்து வரும்; மற்றொன்று வேறோர் அமினோவமிலத்திலிருந்து வரும்; காபன் அணு ஒன்று காபனீரொட்சைட்டிலிருந்து வரும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதியம் பொறுப்பு. ஒவ்வொரு நொதியத்தையும் எவ்வாறு அமைப்பது என்ற செய்தி ஒரு பரம்பரையலகில் எழுதப்பட்டுள்ளது. எழுத்தை ஆக்குவது நொதியம். நொதியத்தை ஆக்கும் குறிப்போ அவ்வெழுத்துகளாலேயே எழுதப்பட்டது. இயற்கையின் இந்த வட்டத்தை எண்ண எண்ண வியப்பே மிகும்.

இப்பணியில் ஓர் உதவியாளனின் பெயரை நாம் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். அதுவே போலிக் அமிலம். ஒற்றைக் காபன் அணுவைச் சுமந்து சென்று உரிய இடத்தில் இறக்கிவைக்கும் சுமைகாரன் அது. பியூரின் வளையத்தின் இரண்டு காபன் அணுக்களை அதுவே கொணர்கிறது. தைமின் என்னும் எழுத்தைப் பிறிதோர் எழுத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டும் சிறு காபன் தொகுதியைச் சேர்ப்பதும் அதுவே. எழுத்து நான்கில் மூன்று இச்சுமைகாரனை நம்பியிருக்கின்றன. சுமைகாரன் வராவிட்டால் தறி நிற்கும்.

இதன் அருமையை இல்லத்தரசியர் நன்கறிவர், பெயர் வேறாக அறிந்திருந்தாலும். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் வழங்கப்படும் போலிக் அமில மாத்திரை இதுவே. வயிற்றில் வளரும் சிசுவின் கலங்கள் மிக விரைவாகப் பெருகுவதால் எழுத்துகள் மிகுதியாக வேண்டியிருக்கின்றன. 1928 ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவ அம்மையார் லூசி வில்ஸ், துணி ஆலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளை வருத்திய ஒருவகை இரத்தசோகை மார்மைட் கொடுத்தால் நீங்குவதைக் கண்டார். நம் வீடுகளிற் பாணுக்குப் பூசும் அதே மார்மைட்டுத்தான்! அதனுள் மறைந்திருந்த பொருள் போலிக் அமிலமே என்பது பின்னர் தெளிவாயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற யெல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழு, 1945 ஆம் ஆண்டளவில் அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டியது.

நமக்குச் சந்தை, கிருமிக்கு அடுக்களை

மனிதனுக்கும் பக்டீரியாவுக்கும் இடையே இங்கு ஒரு வேற்றுமை உண்டு. இந்த வேற்றுமையே பின்வரும் கதை முழுவதற்கும் திறவுகோல்.

மனிதனால் போலிக் அமிலத்தை அடியிலிருந்து ஆக்க இயலாது. அதற்கான நொதியங்கள் நம்மிடம் இல்லை. முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை, பயறு, கடலை, ஈரல் முதலியவற்றிலிருந்து ஆயத்தமாகப் பெற்றுக்கொள்கிறோம். பெரும்பாலான பக்டீரியாக்களின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆயத்தப் போலிக் அமிலம் வெளியே எவ்வளவு இருப்பினும் அதனை உள்ளே இழுத்துக்கொள்ள அவற்றால் முடியாது. தம் அடுக்களையில் தாமே சமைத்துக்கொள்ள வேண்டும். நாம் சந்தையில் வாங்கி உண்பவர்கள். அவை வீட்டில் ஆக்கி உண்பவை.

அச்சமையலுக்கு வேண்டிய பொருள்களுள் ஒன்று பரா-அமினோ பென்சோயிக் அமிலம். இக்கட்டுரையில் அதனைப் 'பரா அமிலம்' என்று சுருக்கமாக அழைப்போம். பரா அமிலத்தை மற்றொரு துணுக்குடன் பொருத்தி வைப்பது டைஹைட்ரோடெரோயேட் சிந்தேஸ் என்னும் நொதியம். இந்த நீண்ட பெயரையும் விடுத்து, 'பொருத்தி' என்று வைத்துக்கொள்வோம். பொருத்தி என்னும் நொதியம் மனித உடலில் அறவே இல்லை. ஆதலின், அதனை மட்டும் தாக்கும் பொருளொன்று கிடைத்தால், கிருமியின் அடுப்பு அணையும். நம் வீட்டு அடுப்போ எரிந்துகொண்டேயிருக்கும்.

அப்பொருள் எங்கிருந்து வந்தது? சாயத் தொழிலிலிருந்து வந்தது.

சாயப் பட்டறையின் கொடை

ஜேர்மனியில் கெர்ஹார்ட் டொமாக் என்ற அறிஞர், துணிச் சாயங்களை ஒத்த பொருள்களை ஒவ்வொன்றாக நோயுற்ற எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்து வந்தார். 1932 ஆம் ஆண்டில் ஒரு செந்நிறச் சாயம் கொடிய கிருமிகளுக்கு இரையான எலிகளைப் பிழைக்க வைத்தது. புரொன்றோசில் எனப்பட்ட அச்சாயத்தின் ஆற்றல் அதன் நிறத்தில் இல்லையென்றும், உடலினுள் அது சிதைந்து வெளிப்படும் நிறமற்ற சல்பா பொருளிலேயே உள்ளதென்றும் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் 1935 ஆம் ஆண்டில் நிறுவினர். சல்பா மருந்துகள் பிறந்தன. 1939 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு டொமாக்கைச் சேர்ந்தது.

ஆனால் சல்பா எவ்வாறு வேலை செய்கிறது? 1940 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்ட் வூட்ஸ் இதனைத் துலக்கினார். சல்பாவோடு பரா அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தால் மருந்தின் ஆற்றல் மறைந்துவிடுவதை அவர் கண்டார். இரண்டும் உருவில் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். பொருத்தி நொதியம் ஏமாந்து, பரா அமிலத்துக்குரிய இருக்கையிற் சல்பாவை அமர்த்திக்கொள்கிறது. அமர்ந்தவன் வேலை செய்வதில்லை; வேலை செய்ய வந்தவனுக்கு இடமும் இல்லை. போலிக் அமிலம் பிறப்பதில்லை. எழுத்துகள் பிறப்பதில்லை. நெசவு நின்றுபோகிறது.

சல்பாவின் நெருங்கிய உறவினமே டாப்சோன். சல்போன் வகையைச் சேர்ந்த இதனை 1908 ஆம் ஆண்டிலேயே ஜேர்மானிய இரசாயனர் ஆக்கி வைத்திருந்தனர். நோய் தீர்க்கும் எண்ணம் அன்று எவருக்கும் இருக்கவில்லை. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில், 1941 ஆம் ஆண்டில், மருத்துவர் கை ஃபஜே டாப்சோனிலிருந்து பெறப்பட்ட புரொமின் என்னும் மருந்தை ஊசி மூலம் கொடுக்கத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்கள் ஆறின.

அதுவரையில் இந்தியாவிலும் இலங்கையிலும் கைவசமிருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய் இனத்தைச் சேர்ந்ததே. அதனைத் தோலுக்குள் ஊசியாற் செலுத்துவர். வேதனை மிகுதி, பயனோ உறுதியில்லை. செங்கற்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தில் பணியாற்றிய மருத்துவர் ரொபர்ட் கொக்ரேன், விலையுயர்ந்த வழிப்பொருள்களை விடுத்து மூலப் பொருளாகிய டாப்சோனையே சிறு அளவிற் பயன்படுத்த 1940களின் பிற்பகுதியில் வழிகாட்டியவர்களுள் ஒருவர். விரைவில் அது வாயால் விழுங்கும் மாத்திரையாயிற்று. விலை மிக மலிவு. ஏழை நாடுகளும் வாங்கக்கூடிய மருந்து. தீவுகளுக்கும் மதில்களுக்கும் இனித் தேவையில்லை என்ற நம்பிக்கை பிறந்தது.

ஓரெழுத்துப் பிழை

நம்பிக்கை ஒரு தலைமுறை நிலைத்தது. டாப்சோன் கிருமியை ஒரேயடியாகக் கொல்வதில்லை, பெருகாமற் கட்டிவைக்கிறது. ஆதலால் மாத்திரையை ஆண்டுக்கணக்கில், பலர் வாழ்நாள் முழுவதும், உட்கொள்ள வேண்டியிருந்தது. மாத்திரை ஒன்றே, காலமோ நெடிது. சிலர் இடையில் நிறுத்தினர். சிலர் விட்டு விட்டு உண்டனர். சிலர் ஒழுங்காக உண்டும், ஆறிய நோய் மறுபடி தலைகாட்டியது.

மலேசியாவின் சுங்கை பூலோ தொழுநோய் நிலையத்தில் இவ்வாறு நோய் திரும்பியவர்களை பெட்டிட், ரீஸ் என்ற இரு ஆய்வாளர் ஆராய்ந்தனர். தட்டில் வளராத இக்கிருமியை எலியின் பாதத்தில் வளர்க்கும் முறையை அமெரிக்கரான ஷெப்பர்ட் 1960 ஆம் ஆண்டில் கண்டுபிடித்திருந்தார். நோயாளரின் கிருமிகளை எலிப் பாதங்களிற் செலுத்தி, அவ்வெலிகளுக்கு டாப்சோன் கலந்த உணவும் கொடுத்தார்கள். கிருமிகள் தடையின்றிப் பெருகின! மருந்தை வென்ற கிருமி உலகில் உண்டு என்பது 1964 ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. அடுத்த பத்தாண்டுகளுக்குள் பல நாடுகளிலிருந்து இத்தகைய செய்திகள் வந்தன.

கிருமி எவ்வாறு வென்றது? இதற்கு முழு விடை கிடைக்க, அதன் பரம்பரைச் செய்தியைப் படிக்கும் காலம் வரவேண்டியிருந்தது. பொருத்தி நொதியத்தின் குறிப்பைத் தாங்கும் பரம்பரையலகுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் 'ஃபோல் பி-1'. மருந்துக்கு அடங்காத கிருமிகளில் இதனைப் படித்துப் பார்த்தபோது, குறிப்பிட்ட இரண்டு இடங்களில், அதாவது நொதியத்தின் 53 ஆவது, 55 ஆவது அமினோவமிலங்களுக்குரிய இடங்களில், மாற்றம் தென்பட்டது. 55 ஆவது இடத்தில் வழக்கமாக உள்ள மூவெழுத்துச் சொல் சைற்றோசின், சைற்றோசின், சைற்றோசின் என்பது. அதன் நடுவெழுத்து மட்டும் தைமினாக மாறியிருந்தது. ஓரெழுத்து மாறியதால் அவ்விடத்திற் புரோலீன் என்னும் அமினோவமிலத்துக்குப் பதிலாக லியூசின் வந்து அமர்ந்தது. பூட்டின் உள்ளே ஒரு பல் சற்றே நகர்ந்தது போல. உண்மைச் சாவியாகிய பரா அமிலம் இன்னமும் நுழைகிறது. போலிச் சாவியாகிய டாப்சோன் நன்கு பொருந்துவதில்லை.

இந்தக் கிருமியின் முழுப் பரம்பரைச் செய்தியும் 2001 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதற்கெனத் தேர்ந்த கிருமியினம் தமிழ்நாட்டில் ஒரு நோயாளரிடமிருந்து பெறப்பட்டது, அதனால் 'டி.என்.' என்றே அதற்குப் பெயர். ஏறத்தாழ 32 இலட்சத்து 68 ஆயிரம் எழுத்துகள். அவற்றுள் வேலை செய்யும் புரதப் பரம்பரையலகுகள் 1,600 அளவில். சிதைந்து பயனற்றுப்போனவை 1,100க்கும் மேல். பாழடைந்த மாளிகை போன்ற இச்செய்தித் தொகுதியில், பொருள்களைச் சிதைத்துச் சக்தி பெறும் பகுதிகள் பல இடிந்து கிடக்கின்றன. ஆயினும், தனக்கு வேண்டியவற்றை ஆக்கிக்கொள்ளும் பகுதிகள் பெரும்பாலும் காக்கப்பட்டுள்ளன. பொருத்தி நொதியத்தின் குறிப்பும் காக்கப்பட்டவற்றுள் ஒன்று. எதை இழந்தாலும் எழுத்தாக்கும் தொழிலை இழந்து ஓர் உயிர் பெருக முடியாதன்றோ!

மூன்று மருந்தின் கணக்கு

இங்கே மாணவர் சற்றுப் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

ஓரெழுத்துப் பிழை என்பது மருந்தினால் உண்டாவதன்று. கிருமி தன் செய்தியைப் படியெடுக்கும்போது எங்கோ எப்போதோ தற்செயலாக நேர்வது. டாப்சோனுக்கு அடங்காத கிருமி பத்து இலட்சத்தில் ஒன்று இருக்கலாமெனவும், றிபாம்பிசின் என்னும் மற்றொரு மருந்துக்கு அடங்காதது ஒரு கோடியில் ஒன்று இருக்கலாமெனவும் அறிஞர் மதிப்பிட்டனர். கிருமி திரளாகவுள்ள நோயாளரின் உடலிலோ பத்தாயிரம் கோடி கிருமிகள் வரை இருக்கக்கூடும்.

டாப்சோன் மட்டும் கொடுத்தால், அடங்காத கிருமிகள் ஏறக்குறைய ஓர் இலட்சம் எஞ்சும். றிபாம்பிசின் மட்டும் கொடுத்தால் பத்தாயிரம் எஞ்சும். அடங்கியவை ஒடுங்கியபின் எஞ்சியவை தனியரசு செய்யும். இரண்டையும் ஒருங்கே கொடுத்தால்? இரண்டுக்கும் அடங்காத கிருமி பத்து இலட்சம் கோடியில் ஒன்றே தோன்றக்கூடும். நோயாளரின் உடலில் உள்ள கிருமிகளோ அதில் நூற்றில் ஒரு பங்குதான். மூன்றாவது மருந்தையும் சேர்த்தால் கிருமி தப்புவதற்கான வழி ஏறக்குறைய அடைபடுகிறது.

இந்தக் கணக்கின் மீது எழுந்ததே பன்மருந்துச் சிகிச்சை. உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 1981 ஆம் ஆண்டில் இதனை வகுத்தது. இலங்கை 1983 ஆம் ஆண்டில் மேற்கொண்டது. டாப்சோன், றிபாம்பிசின், குளோபசிமின் என்பன அம்மூன்று மருந்துகள். டாப்சோன் எழுத்து ஆகாமற் செய்கிறது. றிபாம்பிசின், டி.என்.ஏ.யில் எழுதப்பட்ட குறிப்பைப் படியெடுக்கும் நொதியத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதனை முடக்குகிறது; கிருமியை விரைந்து கொல்வது இதுவே. குளோபசிமின், 1950களில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் வின்சென்ட் பரி குழுவினர் ஆக்கிய ஒரு செந்நிறப் பொருள். இதுவும் சாயக் குடும்பத்ததே.

கிருமி குறைந்த வகை நோய்க்கு ஆறு மாதம், கிருமி மிகுந்த வகைக்குப் பன்னிரண்டு மாதம். வாழ்நாள் முழுவதும் விழுங்கிய மாத்திரை ஓராண்டுக்குள் அடங்கிற்று. மருந்து அட்டைகளில் நாட்களுக்கேற்ப அடுக்கி வருகின்றது. அரசாங்க மருத்துவமனைகளில் விலையின்றியே கிடைக்கிறது.

வீட்டார் அறியவேண்டியவை

இவ்வளவு அறிந்த பின், நோய் ஏன் இன்னும் நிற்கிறது? இரண்டு காரணங்களை நாம் கூறுவோம். நோய் அடையாளம் நோவதில்லை என்பது ஒன்று. நோயின் பெயர் நோகிறது என்பது மற்றொன்று.

முதல் அடையாளம் பெரும்பாலும் தோலில் தோன்றும் ஒரு படை. சுற்றியுள்ள தோலைவிட வெளிறியோ சிவந்தோ இருக்கும். அரிப்பில்லை, வலியில்லை. தொட்டாலும், சூடு பட்டாலும், ஊசி குத்தினாலும் அங்கே உணர்ச்சி குறைந்திருக்கும். சிலருக்குக் காது மடல் தடிக்கலாம். முகத்தில் முடிச்சுகள் தோன்றலாம். கை கால்களில் விறைப்பும் பலக்குறைவும் தோன்றலாம். தேமலென்று எண்ணி வாளாவிருப்பதும், கண்ட களிம்பைப் பூசுவதும் நம்மிடையே வழக்கம். அந்தப் படையைப் பஞ்சு நுனியால் மெல்லத் தொட்டுப் பார்ப்பது பெற்றோர்க்கு எளிது. பிள்ளை கண்ணை மூடியிருக்க, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தவறினால் அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் தோல்நோய்ப் பகுதிக்கு அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம். உணர்ச்சி தெளிவாக இருந்தாலும், மாறாத படையை வைத்தியரிடம் காட்டுவதே நன்று.

மருந்து தொடங்கியபின் சில மாற்றங்கள் நேரும். றிபாம்பிசின் உட்கொண்ட நாளிற் சிறுநீர் செந்நிறமாகும், அஞ்ச வேண்டுவதில்லை. குளோபசிமின் தோலைச் சற்றுக் கறுக்கச் செய்யும். மருந்து முடிந்தபின் அது மெல்ல மெல்ல மாறும். டாப்சோனால் சிலருக்கு இரத்தசோகை உண்டாகலாம். இரத்தச் செவ்வணுக்களில் ஒரு நொதியம் பிறவியிலேயே குறைந்தவர்களிடம் இது மிகும். மேலெல்லாம் தடிப்பு, காய்ச்சல், கண் மஞ்சளாதல் என்பன தோன்றினால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்; தாமாக நிறுத்தித் தாமாகத் தொடங்குவது ஆகாது. கீரை உண்டால் மருந்து கெடுமோ என்று சிலர் வினவக்கூடும். கெடாது. கீரையின் போலிக் அமிலம் நமக்குப் பயன்படுவது போலப் பெரும்பாலான பக்டீரியாக்களுக்குப் பயன்படாது என்பதை மேலே கண்டோம்.

இரண்டாவது காரணத்துக்கு மருந்து எழுத வைத்தியரால் ஆகாது. திருமணப் பேச்சு தடைப்படுமோ, கடை வியாபாரம் குறையுமோ, பள்ளியிற் பிள்ளையை ஒதுக்குவரோ என்று அஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்கள் எவ்வூரிலும் உண்டு. இந்நோய் தொட்டவுடன் தொற்றுவதன்று. மூக்கிலும் வாயிலுமிருந்து வெளிப்படும் நுண்துளிகள் வழியாக, நெருங்கிய நெடுநாட் பழக்கத்தினாலேயே பரவுகிறது. மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர்க்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. பன்மருந்துச் சிகிச்சை தொடங்கிய சின்னாட்களில் நோயாளர் பிறருக்குப் பரப்பும் நிலையும் நீங்கிவிடுகிறது. ஆகவே, மருந்து உண்பவர் ஆபத்தானவர் அல்லர். கண்டறியப்படாமலும் மருந்தில்லாமலும் வீட்டுக்குள் மறைந்திருக்கும் நோயே அயலவர்க்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து. மறைத்த காலத்தில் நரம்பு கெட்டால், மடங்கிய விரலை மாத்திரை நிமிர்த்தித் தராது.

மாத்திரையைத் தொடங்கிய குடும்பத்துக்கோ ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. ஆறு மாதமெனின் ஆறு மாதமும், பன்னிரண்டெனின் பன்னிரண்டும் முடிக்க வேண்டும். படை மறைந்ததும் நிறுத்துவது மிகவும் எளிது. மனித இயல்பும் அதுவே. ஆனால் கண்ணுக்குப் படை மறையும் நாளிலும், ஓரெழுத்து மாறிய கிருமி ஒன்று எங்கேனும் ஒளிந்திருக்கக்கூடும். மற்ற இரு மருந்துகளும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் அது மடியும். நின்றுவிட்டால் அது பெருகும். பெருகியபின் அது அந்த வீட்டோடு நில்லாமல், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் போகும்.

ஆகையால், மருந்துண்ணும் தந்தையோ மாமியோ தம்பியோ வீட்டில் இருந்தால், மருந்து அட்டையில் இன்றைய மாத்திரை எடுக்கப்பட்டதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் படிக்கும் பிள்ளைகள் ஏற்கலாம். பாடநூலிற் பரம்பரையலகையும் நொதியத்தையும் கற்கும் மாணவன், தன் வீட்டிலேயே அவ்வறிவைப் பயன்படுத்த இதைவிடச் சிறந்த வழியொன்று உண்டென்று நமக்குத் தோன்றவில்லை.